காது கேளாத பாத்திரங்கள் வரும் கதைகள்: பள்ளி நூலகத்துக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியின் நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். காது கேளாத சிறுவர், சிறுமியர் வரும் கதைப் புத்தகங்கள் பத்து வாங்க அனுமதி கிடைத்துள்ளது. பட்டியல்களில் பெயர்கள் ஏராளம். ஆனால் புரட்டிப் பார்த்ததில் பாதி, அழவைக்க எழுதியவை போலிருக்கின்றன. எதை வைத்துத் தரம் பிரிப்பது?

பதில்: பின்னட்டைக் குறிப்பை நம்ப வேண்டாம். ‘மனதை உருக்கும்’, ‘தன்னம்பிக்கையூட்டும்’ என்பவை எல்லாப் புத்தகத்துக்கும் போடுகிற வார்த்தைகள். நேராக உள்ளே போய், காது கேளாத பாத்திரம் யாருடனாவது உரையாடும் இடங்கள் மூன்றைத் தேடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: எதிரே இருப்பவர் சொன்னது இவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? சைகையா, உதட்டசைவா, காதுக்கருவியா, எழுதிக் காட்டியதா? விடை கதைக்குள் இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். முதல் அத்தியாயத்தில் ‘இவளுக்குக் காது கேட்காது’ என்று சொல்லிவிட்டு, பிறகு இருட்டிலும், முதுகுக்குப் பின்னாலும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போதும் எல்லாம் புரிந்ததாக எழுதியிருந்தால் அதை வாங்க வேண்டாம். மற்ற சோதனைகளே தேவைப்படாது.

அதிகம் தவறு நடப்பது உதட்டசைவு விஷயத்தில்தான். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரம் வாயின் உட்பகுதியில் பிறப்பதால் வெளியே கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. மீதியைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். அதில் களைப்பும் தவறும் இருக்கும். தாடி மீசை, வாயில் உணவு, பேசிக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பும் ஆசிரியர் என எதுவும் அதைக் கெடுத்துவிடும். நல்ல கதை இந்தத் தடுமாற்றத்தைக் காட்டும். தூரத்தில் நிற்கும் திருடர்களின் உதட்டைப் படித்து முழுச் சதியையும் கண்டுபிடிக்கும் துப்பறியும் சிறுமி, பறக்கும் கம்பளம் மாதிரி கற்பனைதான்.

அடுத்து கருவிகள். காதுக்கருவி ஒலியைக் கூட்டித் தரும். தெளிவு அந்த அளவுக்கு அதிகரிக்காது. இரைச்சலான சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சோடு தட்டுச் சத்தமும் சேர்ந்தே பெரிதாகும். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) என்றால் படத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் காதுக்குப் பின்னால் ஒரு பகுதி, அதிலிருந்து சிறு வயர், தலைத்தோலில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை என்று இருக்கும். இதைப் பாட்டுக் கேட்கும் இயர்போன் போல வரைந்த புத்தகங்கள் உண்டு. வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டால் அந்தக் கருவி வழியாக எதுவும் கேட்காது. கருவியை இயக்கிய நொடியே குழந்தைக்கு எல்லாம் புரிந்து, அம்மா ஆனந்தக் கண்ணீர் விட, சுபம் போடும் கதைகளைத் தவிர்த்துவிடுங்கள். உண்மையில் பலமுறை அளவு சரிசெய்து, மாதக்கணக்கில் கேட்கப் பழக வேண்டும்.

இதைச் சரியாகச் செய்ததற்கு நல்ல உதாரணம், சிறுவயதில் செவித்திறனை இழந்த சிசி பெல் 2014இல் வெளியிட்ட ‘எல் டீஃபோ’ என்ற படக்கதை. கருவியின் பேட்டரி தீரத் தீர, பேச்சுக் குமிழிக்குள் எழுத்துகள் மங்கிக்கொண்டே போகும். ஒரு பக்க விளக்கம் செய்யாத வேலையை அந்த மங்கல் செய்துவிடுகிறது.

சைகை மொழியில் நடக்கும் உரையாடலை எப்படி அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘நான் நாளை கடை போ’ என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தால், பேசுபவர் மொழி அறியாதவர் போலத் தோன்றும். சைகை மொழிக்கென்று முழு இலக்கணம் உண்டு. எனவே முழு வாக்கியமாகவே மொழிபெயர்க்க வேண்டும். சாய்வெழுத்தோ வேறு எழுத்துருவோ கொடுத்துப் பிரித்துக் காட்டினால் போதும். படத்தில் சைகை வரைந்திருந்தால், அது எந்த நாட்டுச் சைகை என்பது குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்துகளை விரல்களால் காட்டும் அமெரிக்க விரலெழுத்துக்கு ஒரு கை போதும். பிரிட்டிஷ் முறைக்கு இரு கைகளும் வேண்டும். ஒன்றைப் பார்த்துக் கற்ற பிள்ளை மற்றதைப் பயன்படுத்துபவரிடம் காட்டினால் புரியாது. பழைய காலத்துக் கதையாக இருந்தால், 1880இல் காது கேளாதோர் கல்வி குறித்து நடந்த மிலான் மாநாடு வாய்ப்பேச்சு முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டதையும், அதன்பின் பல நாடுகளின் வகுப்பறைகளில் சைகை ஒதுக்கப்பட்டதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பரிதாபக் கதைகளை நீங்களே கண்டுபிடித்துவிடுகிறீர்கள். அதைவிடச் சிக்கலானது ‘அதிசயக் குழந்தை’ கதை. காது கேளாததாலேயே அவளுக்கு ஏதோ அபூர்வ சக்தி. முரட்டு நாயகனைத் திருத்துவதோடு அவள் வேலை முடிந்துவிடும். அவளுக்கென்று ஒரு ஆசை, ஒரு பொய், ஒரு சண்டை உண்டா என்று தேடுங்கள். கதைமுழுக்க இவளைத் தவிர காது கேளாதவர் ஒருவர்கூட இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் ஓரிரண்டு அப்படி இருக்கலாம். எல்லாமே அப்படி இருக்கக் கூடாது.

எழுதியவர் காது கேளாதவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பத்தில் குறைந்தது நான்கு அப்படி இருக்கட்டும். மற்றவற்றில், காது கேளாதவர்கள் கையெழுத்துப் படியைப் படித்துத் திருத்தியதாக நன்றியுரையில் சொல்லியிருக்கிறதா பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஷ்னைடர் குடும்ப விருதுப் பட்டியல் தேடலுக்கு உதவும். அது எல்லா வகை மாற்றுத்திறனையும் உள்ளடக்கியது என்பதால் வடிகட்ட வேண்டியிருக்கும்.

பத்தையும் ஒரே வார்ப்பில் வாங்கிவிடாதீர்கள். சைகை மொழிக் குடும்பத்தில் வளர்பவர், கருவி அணிந்து பேசுபவர், பாதியில் கேட்கும் திறனை இழந்தவர், காது கேளாத பெற்றோரின் கேட்கும் பிள்ளை என்று கலந்து வரட்டும். பாதியாவது துப்பறிதல், விளையாட்டு, பேய்க்கதை என்று செவித்திறனைப் பற்றியே பேசாத கதைகளாக இருக்கட்டும். மொழி தாமதமாகக் கிடைத்த பிள்ளைகளுக்கு நீண்ட பத்திகள் கடினமாகலாம். இரண்டு படக்கதைகள் வையுங்கள். ஆனால் பதினான்கு வயதுப் பையனிடம் மழலையர் புத்தகத்தை நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் பழைய நூல்களில் ‘ஊமை’, ‘செவிடு’ கண்ணில் படும். கெட்ட பாத்திரம் வசையாகச் சொல்லி, அது வசைதான் என்று கதைக்கும் தெரிந்திருந்தால் நூலை வைத்திருக்கலாம். கதைசொல்லியே சிரிப்புக்காகப் பயன்படுத்தினால் எடுத்துவிடுங்கள்.

வாங்கியவற்றை ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று தனித் தட்டில் அடுக்க வேண்டாம். துப்பறியும் கதை துப்பறியும் தட்டிலேயே நிற்கட்டும், பொருட்தலைப்பை அட்டவணையில் சேர்த்தால் தேடுபவருக்குக் கிடைக்கும். பள்ளியில் காது கேளாத மாணவர் இருந்தால், வகுப்பின் முன் அவர் கையில் அந்தப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். அவர் கேட்டு வந்த கிரிக்கெட் புத்தகத்தை முதலில் கொடுங்கள்.