வீட்டுக்குப் பின்னால் 40 வீடுகள் வரப்போகின்றன, குளத்தில் நியூட் (பல்லி போலத் தெரியும், தவளைக்குச் சொந்தமான நீர்நில உயிரினம்) இருந்தால் தடுக்க முடியுமா? (இங்கிலாந்து)

நீங்கள் கேட்டிருப்பது "இருந்தால்" என்று. தெருவில் பேசிக்கொள்வது "இல்லாவிட்டால் கொண்டுவந்து விடலாமா" என்றுதான் இருக்கும். அதை முதலில் முடித்துவிடுகிறேன்: கூடாது. சட்டப் பாதுகாப்பு உள்ள நியூட் வகையான கிரேட் கிரெஸ்டட் நியூட்டை உரிமம் இல்லாமல் கையில் பிடிப்பதே குற்றம். 6 மாதம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பில்டரைப் பிடிக்கும் அதே சட்டம் உங்களையும் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஒரு குளத்துத் தண்ணீரோடு, தவளை இனங்களுக்கு நோய் தரும் கைட்ரிட் பூஞ்சையும் இன்னொரு குளத்துக்குப் போய்விடும்.

அடுத்து, பலருக்குக் கசக்கும் விஷயம். நியூட் இருக்கிறது என்பதற்காக மட்டும் கவுன்சில் (கட்டுமான அனுமதி தரும் உள்ளாட்சி) அனுமதி மறுக்காது. மோர்ஜ் வழக்கில் (அது வௌவால் பற்றியது) உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது இதுதான்: உயிரினப் பாதுகாப்பு விதிமீறல் நடக்கும், நேச்சுரல் இங்கிலாந்து (அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) அதற்கு உரிமம் தரவும் வாய்ப்பில்லை என்று கவுன்சில் கருதினால் மட்டுமே இந்தக் காரணத்துக்காக மறுக்கலாம். நடைமுறையில் உரிமம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இப்போது டிஸ்ட்ரிக்ட் லெவல் லைசன்சிங் என்ற வட்டார அளவிலான உரிமத் திட்டம் வேறு வந்துவிட்டது. பில்டர் பணம் கட்டுவார், வேறெங்கோ குளம் வெட்டுவார்கள், உங்கள் குளத்தில் ஆய்வே தேவைப்படாது. ஆகவே கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் திறந்ததும், பில்டர் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நியூட்டை மறந்துவிட்டு வௌவால், பேட்ஜர் பக்கம் பாருங்கள். அந்தச் சான்றிதழ் அவற்றுக்குச் செல்லாது.

சான்றிதழ் இல்லையென்றால் உங்கள் கையில் பிடி இருக்கிறது. அந்தப் பிடி நியூட் அல்ல, ஆய்வறிக்கையில் உள்ள ஓட்டை. அரசின் 06/2005 சுற்றறிக்கையின் 99-ஆம் பத்தியை எடுத்துப் படியுங்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினம் இருக்கிறதா, எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்பதை அனுமதி தருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. "அனுமதியைக் கொடுங்கள், ஆய்வைப் பிறகு செய்கிறோம்" என்பது விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும்தான். கருத்துச் சொல்ல உங்களுக்குப் பொதுவாக 21 நாள். அதற்குள் விண்ணப்பத்தோடு பில்டர் தந்த சூழலியல் அறிக்கையை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

முதலில் வரைபடம். மனையைச் சுற்றி 500 மீட்டருக்குள் உள்ள குளங்களை நீங்களே எண்ணி, அறிக்கையில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். "அடுத்தவர் நிலம், உள்ளே விடவில்லை" என்று ஒரு குளத்தைத் தள்ளியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேதிகள். ஈ-டிஎன்ஏ (தண்ணீரில் உயிரினம் விட்டுச்செல்லும் மரபணுத் தடயம்) மாதிரியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரைதான் எடுக்கலாம். குளத்தைச் சுற்றி 20 இடங்களில் 30 மில்லி வீதம் தண்ணீர் எடுத்து, கலக்கி, அதிலிருந்து 15 மில்லி வீதம் 6 குழாய்களில் ஊற்ற வேண்டும். சொதப்புவது பெரும்பாலும் கரையில்தான். பாதிக் கரையில் முட்புதர் என்று ஒரே பக்கம் நின்று 20 தடவையும் மொண்டால் கணக்குக்கு 20 தேறும், குளத்துக்குத் தேறாது. அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் எப்போதோ படிந்த பழைய டிஎன்ஏ மேலே வரும். முடிவைக் குலைக்க அதுவே போதும்.

பழைய முறை (ஆய்வாளர் நேரில் வந்து, இரவில் டார்ச் அடித்தும் மற்ற வழிகளிலும் தேடுவது) என்றால் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் 4 வருகை, அதில் குறைந்தது 2 வருகை ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள். இரவு வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழ் என்றாலோ, குளத்தைப் பாசி மூடியிருந்தாலோ, டார்ச் அடித்துப் பார்த்ததாக எழுதுவதில் அர்த்தமில்லை. அறிக்கைக்கு 18 மாதத்துக்கு மேல் வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

நீங்களே தேட இறங்க வேண்டாம். டார்ச் அடிப்பதையும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். ஆனால் உங்கள் தோட்டத்துக் குளத்திலோ பொதுப் பாதையிலிருந்தோ தெரிவதைத் தொடாமல் படம் எடுக்கலாம். தண்ணீர்ச் செடியின் இலை வெற்றிலை மாதிரி மடிந்திருந்தால் உள்ளே ஒரே ஒரு முட்டை இருக்கக்கூடும். கிரெஸ்டட் நியூட் முட்டை வெளிர் மஞ்சள், சுற்றியுள்ள ஜெல்லியோடு சுமார் 5 மில்லிமீட்டர். சாதா நியூட் முட்டை சிறியது, சாம்பல் கலந்த பழுப்பு. மடிப்பைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் அந்த முட்டை பிழைப்பது கடினம். வளர்ந்தது 15 சென்டிமீட்டர் வரும், கறுப்பாகச் சொரசொரவென்று, வயிறு மட்டும் ஆரஞ்சில் கறுப்புத் திட்டுகளோடு. (இதைத் "தண்ணிப் பல்லி" என்று எழுதுபவர்களுக்கு: இது பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம்.) படத்தை, தேதியும் இடமும் குறித்து, உள்ளூர் உயிரினப் பதிவு மையத்துக்கு அனுப்புங்கள். பதிவு ஏறிவிட்டால் "வாய்ப்பே இல்லை" என்று அறிக்கை எழுதுவது கடினம்.

ஆய்வுக்கு முன்பே புல்டோசர் வந்து புதரை வழித்துவிட்டதா? கட்டுமானம் முடிந்தபின் இடத்தின் பல்லுயிர் மதிப்பு முன்பைவிட 10 சதவீதம் கூட வேண்டும் என்ற கணக்கில், 2020 ஜனவரி 30-க்குப் பிறகு அனுமதியின்றி அழித்ததை அழிப்பதற்கு முந்தைய நிலையிலிருந்தே கணக்கிட வேண்டும். பழைய செயற்கைக்கோள் படங்களைச் சேமித்து வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் "வீடில்லாதவர்கள் வயிற்றில் அடிக்கிறாய்" என்பார்கள். நியூட் எண்ணுவதால்தான் தாமதம் என்று 2020-இல் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனே பேசினார். ஜூலையில் ஆள் வைத்து, ஏப்ரலில் எடுக்க வேண்டிய மாதிரியைத் தவறவிட்டு, ஒரு வருடம் காத்திருப்பது நியூட்டின் குற்றமா? எதிர்ப்பவர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. நியூட்டுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே, விண்ணப்பம் விழுந்த மறு மாதமே அதே குளத்தில் தங்கமீன் விடுபவர்களும் உண்டு. மீன் இருக்கும் குளத்தில் நியூட் குஞ்சு தப்புவது அபூர்வம்.

கடிதத்தில் "நியூட்டைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள். எந்தக் குளம் விடுபட்டது, எந்தத் தேதி தவறு, 99-ஆம் பத்தி, இவ்வளவு போதும். அதையும் மீறி அனுமதி கொடுத்தால் உங்களுக்கு மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றச் சீராய்வு (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் நீதிமன்றம் பார்ப்பது) மட்டும்தான், அதுவும் 6 வாரத்துக்குள். சுற்றுச்சூழல் வழக்காகத் தாக்கல் செய்தால், தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவில் தனிநபர் தலையில் விழுவது பொதுவாக 5,000 பவுண்டைத் தாண்டாது. உங்கள் வக்கீல் கூலி தனி.