வாட்ச்மேன் வேலைக்கா அமெரிக்கா வரை வந்தோம்?

அன்புள்ள சகோதரிக்கு,

கிரிமினாலஜி இரண்டாம் வருடம் படிக்கும் மகள், "நான் யுனிவர்சிட்டி போலீஸ் சீஃப் ஆகப்போறேன்" என்று சொன்னதில் இருந்து அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்ட கேள்வியைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்மூர்க் கல்லூரி வாசலில் நோட்டு நீட்டிக் கையெழுத்து வாங்கும் செக்யூரிட்டிதான் அவர் மனதில் இருக்கிறார். இங்கே அமெரிக்காவில் கதையே வேறு. பல பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாகவே போலீஸ் உண்டு, அதன் தலைமை அதிகாரிதான் சீஃப்.

மாணவர்களுக்கும் ஊர்ப் போலீஸுக்கும் ஒத்துப்போகாமல், நியூ ஹேவன் நகரம் தன் போலீஸ்காரர்கள் இரண்டு பேரை அங்கிருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கென்றே ஒதுக்கியது 1894-ல். அங்கே தொடங்கியது இந்த வேலை. 2011-12-ல் அமெரிக்க மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, 2,500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் அரசுக் கல்லூரிகள் 92 சதவீதமும் தனியார் கல்லூரிகள் 38 சதவீதமும் கைது செய்யும் அதிகாரமுள்ள போலீஸை வைத்திருந்தன. பெரும்பாலும் இடுப்பில் துப்பாக்கியோடுதான். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் அதுதான், வாட்ச்மேன் என்ற பெயர் அல்ல.

சீஃப் நாற்காலிக்குக் குறுக்கு வழி கிடையாது. நகரப் போலீஸ் போகும் அதே மாதிரி அகாடமிக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சமே 664 மணி நேரம். பிறகு ரோந்து, சார்ஜென்ட், லெப்டினன்ட், கேப்டன். இருபது வருடம் ஓடிவிடும். நகரப் போலீஸில் ரிட்டயர் ஆகி வரும் அதிகாரிகளும் அதே நாற்காலிக்குப் போட்டி போடுவார்கள். மாஸ்டர்ஸ் இருந்தால் நல்லது. அதை வேலையில் இருந்துகொண்டே அதே பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பல இடங்களில் ஊழியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இதை மட்டும் அவள் அப்பா காதில் போட்டு வையுங்கள்.

போலீஸ் ஆசையோடு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: நகரத்தை விட்டுவிட்டு ஏன் கல்லூரி? சைரன் போட்டுத் துரத்தத்தான் ஆசை என்றால் இது அவர்களுக்குச் சரிப்படாது. வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு விடுதி நடையில், குடித்துவிட்டு மல்லாந்து கிடக்கும் பதினெட்டு வயதுப் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் முட்டி போட்டு உட்கார வேண்டும். "எங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று அவன் அழுவான். அந்த வயதுப் பிள்ளைகள் மேல் ஒரு பிரியம் இருப்பவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள். பாதி போலீஸ், பாதி வாத்தியார்.

சீஃப் ஆனபின் பாதி நாள் காகிதத்தோடுதான். 1986-ல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டாள். அவளைப் பெற்றவர்கள் விடாமல் போராடியதில் 1990-ல் சட்டம் வந்தது. வளாகத்தில் நடந்த குற்றங்களின் மூன்று வருடக் கணக்கை, மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட்டாக வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி அறிக்கையை அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு தடவை படிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் நடுவே மத்தளம் மாதிரி மாட்டிக்கொள்ளும் பதவி இது. 2011 நவம்பரில் யூசி டேவிஸில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், தரையில் உட்கார்ந்து போராடிய மாணவர்கள் மேல் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார் ஒரு அதிகாரி. அடுத்த வருடம் அங்கே சீஃபாக இருந்த பெண்மணி பதவி விலகினார்.

போலீஸில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2023 முதல் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருந்தால் போதும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

மற்றபடி அவளை அவள் கல்லூரிப் போலீஸிடமே போய் "ரைடு-அலாங்" உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால், ஒரு வெள்ளி ராத்திரி முழுக்க ரோந்து வண்டியில் போய் வரட்டும். விடிந்து வந்ததும் "ஒண்ணுமே நடக்கலைம்மா, செம போர்" என்றால் எனக்கு போன் போடுங்கள், வேறு வழி யோசிப்போம். யார் யாரோடு பேசினாள், யார் அழுதார்கள் என்று கதை சொல்ல ஆரம்பித்தால், காபி போட்டுக் கொடுத்து அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.