டவர் ஏறுகிற வேலை இல்லை, அக்கா

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பிள்ளைக்குக் கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்கும், இ.சி.இ.யும் கிடைக்கும். சொந்தக்காரர் எல்லாரும் கம்ப்யூட்டர்தான் என்கிறார்கள். இவள் மட்டும் இ.சி.இ. படித்து டெலிகாம் ஸ்டாண்டர்ட்ஸ் வேலைக்குப் போவேன் என்கிறாள். அது டவர் ஏறுகிற வேலையா, சிம் விற்கிற வேலையா? அவள் அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். கரைக்கு வந்ததும் நான் பதில் சொல்லணும்."

அக்கா, இரண்டும் இல்லை. இ.சி.இ. என்றால் எலக்ட்ரானிக்ஸும் தகவல் தொடர்பும் சேர்ந்த படிப்பு. இந்த வேலை என்னவென்று பெரும்பாலான பெற்றோருக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டி, பாறசாலையில் இறங்குங்கள். அதற்குள் உங்கள் போன் தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டு கேரளத்து டவரைப் பிடித்திருக்கும். டவரில் மாட்டியிருக்கும் கருவியைச் செய்தது ஒரு கம்பெனி, போனைச் செய்தது இன்னொரு கம்பெனி, போனுக்குள் இருக்கும் சிப் வேறொருவருடையது. ஆனாலும் வீட்டிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் மணி அடிக்கிறது. எப்படி? சிம்முக்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் 404 அல்லது 405 என்றால் இந்தியா. அடுத்த இலக்கங்கள் எந்தக் கம்பெனி, எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்று சொல்லும். அதை வைத்துத்தான் போன இடத்து நெட்வொர்க், சிம் கொடுத்த நெட்வொர்க்கிடம் "இவர் உங்கள் ஆள்தானா?" என்று கேட்டுச் சரிபார்க்கிறது. குவைத்தில் இறங்கினாலும் இதே கேள்வி, இதே பதில்தான். கேள்வி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், பதில் எப்படி வர வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதுதான் ஸ்டாண்டர்ட். வேறு வேறு ஆட்கள் செய்த கருவிகள் அதன்படி ஒத்துப்போய் இயங்குவதை இன்டர்ஆபரபிலிட்டி என்பார்கள்.

இந்தத் தேவை நேற்று வந்ததல்ல. ஐரோப்பாவில் தந்தி வந்த புதிதில், ஒரு நாட்டின் கம்பி எல்லையோடு நின்றுவிடும். வந்த செய்தியைத் தாளில் எழுதி அடுத்த நாட்டு ஊழியர் கையில் கொடுப்பார்கள், அவர் மறுபடி தட்டி அனுப்புவார். இந்த அவதியைத் தீர்க்க 1865 மே 17 அன்று பாரிஸில் 20 நாடுகள் கையெழுத்திட்டன. அப்படிப் பிறந்த அமைப்புதான் இன்றைய ஐ.டி.யு., அதாவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். மொபைல் நெட்வொர்க்கின் விதிகளை இப்போது எழுதுவது 1998-இல் தொடங்கிய 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு. அதில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, ஜப்பான், கொரியா அமைப்புகளோடு இந்தியாவின் டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பும் இருக்கிறது.

சரி, இதில் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, கடைசி வருட இ.சி.இ., ஒருநாள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்5ஜிஎஸ் என்ற மென்பொருளில் ஒரு குட்டி 5ஜி நெட்வொர்க்கின் மையப் பகுதியை அமைத்திருந்தாள். டவருக்குப் பதில் இன்னொரு இலவச மென்பொருள். இரண்டும் சேரவே மாட்டேன் என்றன. டவர் கேட்கும், மையம் மறுக்கும். இரண்டு நாளாக இதே கதை. கடைசியில், நெட்வொர்க்கில் போய் வரும் செய்திகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து, அவற்றை ஒவ்வொரு பைட்டாகப் பார்த்தாள். நெட்வொர்க்கின் அடையாள எண் இருக்கும் இடத்தில் மையத்துக்கு வேண்டியது "00 எஃப்1 10". டவர் அனுப்பியதில் அந்த "எஃப்" இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவள் ஓரிடத்தில் "01" என்றும் இன்னோர் இடத்தில் "001" என்றும் கொடுத்திருந்தாள். நமக்கு இரண்டும் ஒன்று. விதிப்படி இரண்டும் வேறு நெட்வொர்க். இரண்டு இலக்கம்தான் என்றால் மூன்றாவது இலக்கத்தின் இடத்தை "எஃப்" என்று நிரப்ப வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தேடி எடுத்து எனக்குக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அக்கா, வேலை இதுதான். இதற்குப் புரோட்டோகால் டெஸ்டிங் என்று பெயர்.

உங்கள் மகள் பொறுமையாக வாசிப்பாளா? ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், மருந்துச் சீட்டு, எதுவானாலும் முழுதாகப் படித்து "இங்கே தப்பா இருக்கும்மா" என்று சொல்கிற ஆளா? ஆம் என்றால் நான் அவள் பக்கம். மார்க்கை விட இந்தக் குணம்தான் இதில் பெரிசு. ஆங்கிலம் பற்றிப் பயப்பட வேண்டாம். ஸ்டாண்டர்ட் ஆவணத்தின் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் கிடையாது. அதில் "ஷால்" என்றால் கட்டாயம், "ஷுட்" என்றால் பரிந்துரை, "மே" என்றால் செய்யலாம், விடலாம். கருவிகள் முட்டிக்கொள்ளும் இடம் பல நேரம் இந்த "மே"தான். ஒரு கம்பெனி செய்திருக்கும், இன்னொன்று விட்டிருக்கும், இரண்டும் விதிப்படி சரி, ஆனால் போன் கால் போகாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த மூன்று சொல்லையும் பிடித்துக்கொண்டு நன்றாக மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலை எங்கே? மறைக்காமல் சொல்கிறேன், நாகர்கோவிலில் இல்லை. பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், குருகிராம் பக்கம். நோக்கியா, எரிக்சன், சாம்சங், குவால்காம் போன்ற நிறுவனங்களின் ஆய்வு மையங்கள் அங்கேதான். அரசு வழியும் உண்டு. டெலிகாம் கருவிகளை இந்தியாவில் விற்கும் முன் கட்டாயமாகச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. அந்தச் சான்றைத் தருவது டி.இ.சி. என்ற மத்திய அரசு மையம். அதனால் சோதனைக் கூடங்களிலும் ஆள் தேவைப்படுகிறது. யு.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு எழுதி இந்தியத் தொலைத்தொடர்புப் பணிக்குப் போகலாம், அதற்கு இ.சி.இ. நேரான வழி.

சொந்தக்காரர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஐ.டி. வேலையின் எண்ணிக்கை இதைவிட அதிகம். நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு வளாகத் தேர்வுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் ஐ.டி. சேவைக் கம்பெனிகள்தான். ஆகவே டெலிகாம் வேலை கல்லூரி வாசலுக்குத் தானாக வரும் என்று நினைத்து அவள் இ.சி.இ. சேரக் கூடாது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியும் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் முதல் வருடமே தொடங்க வேண்டும். அவை கையில் இருந்தால், டெலிகாம் பிடிக்காமல் போனாலும் ஐ.டி. கதவு திறந்தே இருக்கும். ஒருவேளை கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் கிடைத்தது என்றாலும் இந்தத் துறை மூடிவிடாது, சிக்னல், ஆன்டெனா பற்றி மட்டும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பணம் கட்டி "5ஜி கோர்ஸ்" சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 3ஜிபிபி ஆவணங்கள் எல்லாம் இலவசம். 23.501 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் நான்காம் பகுதியை மட்டும் முதலில் படிக்கட்டும், எது எதோடு பேசுகிறது என்ற படம் அங்கே இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் சலித்துப்போய் விட்டுவிடுவாள்.

அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நம் கடற்கரை ஊர்களில் படகுகள் ஏற்கெனவே ஆழத்தில் இருந்தன, டவர் எட்டாத தூரம். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த நாட்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்தத் துறை எங்கே வந்திருக்கிறது தெரியுமா? ஒரு பகுதியிலுள்ள எல்லாப் போனுக்கும், எந்தக் கம்பெனி சிம்மானாலும், ஒரே நேரத்தில் ஆபத்து எச்சரிக்கை அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையை 2023-இல் நாடு முழுக்கச் சோதித்துப் பார்த்தார்கள். திடீரென்று போன் அலறியது நினைவிருக்கும். டவர் இல்லாத இடத்தில் செயற்கைக்கோளோடு போனே பேசுவதற்கான விதிகளை 3ஜிபிபி 2022-இல் முடித்த 17-ஆம் பதிப்பில் சேர்த்தது. விதி எழுதியாகிவிட்டது. அந்த வசதி சாதாரண போனில், வேலை செய்யும் நிலையில், நம் வள்ளக்காரர் கைக்கு வர இன்னும் நிறைய பேர் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். அதில் ஒருத்தி குளச்சலிலிருந்து போனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் அப்பா வந்ததும் மூன்று பேருமாக நாகர்கோவில் வாருங்கள். கவுன்சிலிங்கில் கல்லூரிகளைத் தேர்ந்து பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்கைப் பூட்டுவதற்கு முன்னால் வர வேண்டும். கல்லூரி வரிசையை அவளே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். எந்தக் கல்லூரியில் லேப் உண்மையிலேயே திறந்திருக்கிறது என்று சீனியர் பிள்ளைகள் இரண்டு பேரிடம் போனில் கேட்டுவிட்டு, அந்தத் தாளை வைத்தே உட்கார்ந்து பேசுவோம்.