பதினைந்து ஆண்டுகள் ஆலயத்தில் வாசித்த பிறகும் பயிற்சி தேவையா?

கேள்வி: எங்கள் சபையில் பதினைந்து ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன், மூன்று ஆண்டுகளாகப் பாடகர் குழுவையும் நடத்துகிறேன். முறையாக எதுவும் படித்ததில்லை. இந்த வயதில் கிரேடு தேர்வு, பயிற்சி வகுப்பு என்று போவதால் பயன் உண்டா?

உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குமேல் பாட்டு எண்களை வாட்ஸ்அப்பில் பெறுபவர், இதற்கென்று ஊதியம் வாங்காதவர், ஆராதனை முடிந்ததும் “இன்னைக்கு ரொம்ப இழுத்துட்டீங்க” என்று யாராவது ஒருவர் சொல்லக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படி ஒருவன்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பள்ளிக் கணித ஆசிரியராக இருக்கிறேன், எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் பத்தொன்பது வயதிலிருந்து வாசித்து வருகிறேன்.

பயன் உண்டு. ஆனால் சான்றிதழால் வரும் பயன் அல்ல அது. ஆலயத்தில் வாசிப்பவனுக்குத் தன் குறை எங்கே இருக்கிறது என்று தெரிவதே இல்லை. ஏனெனில் பாட்டை அறிந்த சபை அவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போய்விடுகிறது. எனக்கு அது எப்படித் தெரியவந்தது என்பதை இதுவரை பொதுவில் எங்கும் எழுதியதில்லை.

என் தகப்பனார், சுரங்களை ‘டோ, ரே, மி’ என்று பெயரிட்டுப் பாடும் சால்ஃபா முறையில் பாடக் கற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வன் இங்கிலாந்தில் பரப்பிய அந்த முறை, திருநெல்வேலிப் பக்கத்துப் பாடகர் குழுக்களில் பல தலைமுறைகளாக ஊறிய ஒன்று. அதில் ‘டோ’ எந்தச் சுருதியிலும் உட்காரும். பாடுகிறவர்களுக்கு அதைவிட எளிய முறை கிடையாது. புதுப் பாட்டொன்றைத் தாளைப் பார்த்தே நான்கு குரல்களிலும் (மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்) பாடிவிடுவார்கள். ஆனால் அதே அறிவோடு கீபோர்டின்முன் உட்கார்ந்த நான், எல்லா டோவையும் ஒரு கட்டை சுருதியில், அதாவது சி ஸ்கேலில், கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிக்கப் பழகிவிட்டேன். பாட்டு இரண்டரைக் கட்டை என்றால், கீபோர்டின் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று முறை அழுத்துவேன்; நான்கு கட்டை என்றால் ஐந்து முறை. திரையில் எண் மாறும், கை மாறாது. இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓட்டினேன். சபையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த டிசம்பரில் எங்கள் கேரல் ஆராதனையின் மூன்றாவது பாட்டில் மின்சாரம் போனது. பகல் முழுவதும் உழைத்திருந்த இன்வெர்ட்டர் பத்து நிமிடம் தாங்கிவிட்டு அணைந்தது. ஆலயத்தின் மூலையில், காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. நான்கு பேர் அதை இழுத்துவந்து என் முன் வைத்தார்கள். அடுத்த பாட்டு நான்கு கட்டை. ஆர்மோனியத்தில் பொத்தான் இல்லை. எனக்குத் தெரிந்ததோ ஒரு கட்டை மட்டுமே. அதிலேயே எடுத்தேன், பாட்டு ஐந்து அரைச்சுரம் கீழே இறங்கியது. பேஸ் பாடும் ஆண்கள் கிணற்றுக்குள் இறங்கியவர்கள்போல முணுமுணுத்தார்கள். சொப்ரானோ பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாம் சரணத்தில் எஃப் ஸ்கேலுக்கு ஏறப் பார்த்தேன். பி ஃபிளாட் என்னும் கறுப்புக் கட்டை இருக்கவேண்டிய இடத்தில் விரல் ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கட்டையில் போய் விழுந்தது. கையை எடுத்துவிட்டேன். மீதிச் சரணங்களை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சபை தானாகவே, தனக்கு வசதியான சுருதியில், அழகாகப் பாடி முடித்தது. நான் இல்லாமலே நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வரும்போது ஒரு பெரியம்மா, “தம்பி, ஒனக்கு மேலுக்குச் சொகமில்லையாய்யா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்கள்.

அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவரிடம் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் பேருந்துப் பயணம். முதல் நாளே டீச்சர் சொன்ன வேலை, வீட்டிலிருக்கும் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டுவது. இரண்டாவது, வாரம் ஒரு பாமாலைப் பாட்டை (பாமாலை என்பது மேலை மெட்டுகளில் அமைந்த எங்கள் ஆலயப் பாட்டுப் புத்தகம்) அச்சிட்ட ஸ்கேலிலேயே வாசிப்பது. அது சரியாக வந்த பிறகு அதையே ஒரு முழுச்சுரம் கீழே வாசிப்பது. மூன்றாவது, டெனரையும் பேஸையும் மட்டும் இடக்கையால் வாசித்துக்கொண்டு மெட்டைச் சொற்களோடு வாய்விட்டுப் பாடுவது. இந்த மூன்றாவதைச் செய்துபாருங்கள்; பதினைந்து ஆண்டு அனுபவம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆர்கன் ஒலியைப் பற்றி டீச்சர் கற்றுத்தந்த ஒன்றை மட்டும் முன்பே அறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பியானோவில் கட்டையை அழுத்தியபின் ஒலி தானாகத் தேயும். ஆர்கனில் விரல் இருக்கும்வரை ஒலி அதே அளவில் நிற்கும். ஆகவே ஆர்கனில் விரலை எடுப்பதுதான் மூச்சு. நான், விரலை எடுத்த பின்னும் ஒலியை நீட்டும் சஸ்டெயின் மிதியை அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் குழைத்துவந்தேன். சபைக்கு மூச்செடுக்க இடம் கிடைக்காமல், அவர்களாகவே ஓரிடத்தில் நின்று மூச்செடுத்தார்கள். நான் முன்னே போனேன். “சபை இழுக்கிறது” என்று அவர்கள்மேல் பழி போட்டேன். சொற்களை மனத்துக்குள் பாடியபடி, பொருள் முடியும் இடத்தில் நான்கு குரல்களையும் ஒன்றாகத் தூக்கி, அடுத்த அடியைத் தயங்காமல் தாளத்தில் எடுத்தபோது இழுவை பெரும்பாலும் நின்றுபோனது. மெட்டில் ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் அதைத் தெளிவாகத் திரும்ப அழுத்தவேண்டும், உள்குரல்களை மட்டும் தொடரவிடலாம் என்பதும் அப்போது கற்றதுதான்.

பிறகு தேர்வுகள். ஐந்தாம் கிரேடு தியரி எழுதப் போன அறையில் என்னைத் தவிர எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள். என் வகுப்பிலேயே எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், “சார், நீங்கதான் சூப்பர்வைசரா?” என்று கேட்டான். அவனுக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் பலரும் எழுதும், லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில், ஆறாம் கிரேடு செய்முறைக்கு முதல் முறை போனபோது 57 மதிப்பெண் வாங்கினேன். தேற 60 வேண்டும். புதுத்தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் பகுதிக்கு 10 மதிப்பெண்; நேரடித் தேர்வில் ஆறாம் கிரேடு முதல் அதைத் தவிர்க்க முடியாது. அதில்தான் விழுந்தேன். இரண்டாம் முறை தேறினேன். அதற்குமேல் எழுதவில்லை.

“இசை கர்த்தர் கொடுக்கும் வரம், அதற்கு எதற்குத் தேர்வு” என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள் என்று தெரியும். காதால் கேட்டு வாசிப்பவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. அவர்களுள் சிலரின் காது எனக்கு வாய்த்திருந்தால் பாளையங்கோட்டைக்குப் போயிருக்கமாட்டேன். எந்தத் தேர்வு அமைப்புக்கும் ஆள்பிடிப்பவனும் அல்ல நான். கையில் பணம் குறைவாக இருந்தால் தேர்வுக் கட்டணத்தை விட்டுவிட்டு ஆசிரியருக்குச் செலவழியுங்கள். ஆனால் ஒன்று: கிரேடு தேர்வுகள் பொதுவாக இசைக்கருவியைச் சோதிப்பவை, ஆலயப் பணியை அல்ல. 1864-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், 1896-இல் தொடங்கிய அமெரிக்கன் கில்டு ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் ஆகியவை ஆலய ஆர்கன்காரர்களுக்கென்றே தனித் தேர்வுகள் வைத்திருக்கின்றன. அமெரிக்க அமைப்பில் பாடகர் குழுவை நடத்துபவருக்கும் தனித் தேர்வு உண்டு. அவற்றில் கொடுத்த பாட்டை உடனடியாக வேறு ஸ்கேலில் வாசிப்பது ஒரு பாடம். நான் பொத்தானிடம் ஒப்படைத்திருந்த வேலையை அவர்கள் தேர்வாகவே வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது, வெட்கப்படுவதா ஆறுதல்படுவதா என்று தெரியவில்லை.

நீங்கள் பாடகர் குழுவையும் நடத்துவதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மேலைநாட்டுப் பாடப்புத்தகம் எதுவும் நமக்குச் சொல்லித்தராத சிக்கல் தமிழில் இருக்கிறது. பாமாலைப் பாட்டுகளில் பெரும்பகுதி, வேறு மொழிச் சொற்களுக்காக அமைந்த மெட்டுகளில் தமிழைப் பொருத்தியவை. நீண்ட சுரம் குறிலின்மேல் விழுந்தால் பொருளே மாறிவிடும்: ‘வரம்’ என்பது ‘வாரம்’ ஆகும், ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகும். நாற்பது பேர் சேர்ந்து ஆண்டவரிடம் வாரம் கேட்பதை நான் பல ஆண்டுகள் கவனிக்கவே இல்லை. மெட்டை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சுரத்தில் குரலை அழுத்தாமல், அடுத்த எழுத்தைச் சற்றே முன்னதாக எடுக்கப் பழக்கினால் காதுக்குக் குறிலாகவே கேட்கும். ‘கிருபை’, ‘மகிமை’ போன்ற சொற்களின் கடைசி ஐகாரம் இன்னொரு தொல்லை. நீட்டிப் பாடும்போது ஒருவர் முன்னதாகவும் ஒருவர் பின்னதாகவும் ‘இ’ பக்கம் திரும்பினால், சுருதி சரியாக இருந்தும் ஒலி கலங்கிப்போகும். நீட்சி முழுவதையும் அகரத்தில் நிறுத்தி, முடியும்போது எல்லோரும் ஒன்றாகத் திரும்பவேண்டும். ‘கர்த்தர்’ என்று முடியும் அடியில் அந்த ‘ர்’ நான்கு வெவ்வேறு நேரங்களில் விழுவதை உங்கள் குழுவிலும் கேட்டிருப்பீர்கள். அதை எந்தத் தட்டில் மூடுவது என்று பென்சிலால் எழுதிக்கொடுத்தாலே ஒரு ஒத்திகையில் சரியாகிவிடும். இவற்றை எனக்கு எந்த வகுப்பும் தரவில்லை. ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வீட்டில் கேட்டுக் கேட்டுக் கண்டுகொண்டவை.

கர்நாடக ராகங்களில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கு வேறு படிப்பு வேண்டும். ராகத்தையும் தாளத்தையும் தலைப்பிலேயே அச்சிட்டுத்தரும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த பாட்டுக்கு மூன்று கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளை) போட்டு நான் வாசித்திருக்கிறேன். மேலை இசை கற்ற பிறகு அது இன்னும் மோசமானது. ஏனெனில் இன்னும் அதிகமான கார்டுகள் தெரிந்திருந்தன. கர்நாடக இசை ஆசிரியர் ஒருவரிடம் ஆறு மாதம் பாட்டுக் கற்றபோது, கட்டைகளில் கமகம் (சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது) வராது, ஆகவே இடக்கை ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதே மரியாதை என்று விளங்கியது. இப்போது கீர்த்தனைகளுக்கு அப்படித்தான் வாசிக்கிறேன். “பழைய மாதிரி நிறைவா இல்லை” என்று சிலர் குறைப்படுகிறார்கள்; படட்டும்.

செலவு குறித்து நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பகுதி) ஒலிபெருக்கி அமைப்பைப் புதுப்பிக்கச் சில லட்சங்களைக் கமிட்டி ஒரே கூட்டத்தில் ஒதுக்கியது. பாடகர் குழுவில் இரண்டு இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்பப் பேருந்துக் கட்டணம் மட்டும் கேட்டேன்; “தாலந்து உள்ளவங்க தானா வருவாங்க” என்று பதில் வந்தது. அந்தப் புதிய பெட்டிகள் வழியே எங்கள் தவறுகள் தெருமுனைவரை தெளிவாகக் கேட்டன. திருமண ஆராதனையில் வீடியோ எடுப்பவருக்குக் கொடுக்கும் தொகையையும் ஆர்கன் வாசிப்பவருக்குத் தரும் சால்வையையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

ஆகவே உங்கள் வயது எதுவாயினும் போங்கள். ஆசிரியர் கிடைக்கும்வரை பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, வாரம் ஒரு பாட்டோடு தொடங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம்: பாட்டு எண்களைப் புதன்கிழமைக்குள் தரும்படி உங்கள் ஐயரிடம் (எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) தாழ்மையாகக் கேளுங்கள். சனிக்கிழமை இரவு எண்களைப் பெறுகிறவன் என்ன கற்றிருந்தாலும் ஞாயிறு காலை பழைய பழக்கத்துக்கே திரும்புவான். எங்கள் ஐயா இப்போது வியாழக்கிழமை அனுப்புகிறார்கள். அதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின.