மக்மஹோன் கடிதங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915 ஜூலையிலிருந்து 1916 மார்ச் வரை, கெய்ரோவுக்கும் மக்காவுக்கும் இடையே பத்துக் கடிதங்கள் போய்வந்தன. ஒரு பக்கம் எகிப்தின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி மக்மஹோன், மறுபக்கம் உதுமானியத் துருக்கியின் கீழ் மக்காவை ஆண்ட ஷரீஃப் (நபி வழிவந்தவர்களுக்கான பட்டம்) ஹுசைன். துருக்கியை எதிர்த்து அரபிகள் கிளர்ந்தெழுந்தால் அவர்களுக்கு எந்தெந்த நிலம் விடுதலையாகும் என்பதுதான் பேச்சு. பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பப் படிக்கும் கடிதங்கள் இவை. வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தியா–திபெத் எல்லையில் மக்மஹோன் கோடு வரைந்தாரே, அவரேதானா இவர்? ராணுவக்காரரா, அதிகாரியா?

அவரேதான். இரண்டும்தான். சிம்லாவில் பிறந்தவர். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்துப் பஞ்சாப் எல்லைப்படையில் சேர்ந்தார். 1890-இல் இந்திய அரசின் அரசியல் துறைக்கு மாறினார். பலுசிஸ்தான், சீஸ்தான் எல்லைகளை அளப்பதிலேயே பாதி வாழ்க்கை போனது. எகிப்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த கிச்சனரின் இடத்துக்கு 1915 ஜனவரியில் கெய்ரோ வந்தார். அரபு மொழி தெரியாது. ஆங்கிலத்தில் எழுதுவார், அலுவலகத்தில் அரபுக்கு மாற்றி அனுப்புவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஐயா, பாலஸ்தீனம் அரபிகளுக்குத் தருவதாக அவர் எழுதினாரா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முழுவதும் 1915 அக்டோபர் 24 தேதியிட்ட கடிதத்தைப் பற்றியது. அரபு விடுதலையை ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டு, மெர்சினா, அலெக்சாண்ட்ரெட்டா (இரண்டும் இன்றைய துருக்கியின் தெற்குக் கடற்கரையில்), அப்புறம் டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ வட்டாரங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் ஆகியவற்றை மக்மஹோன் விலக்குகிறார். ‘வட்டாரம்’ என்ற இடத்தில் அரபியில் ‘விலாயத்’ என்று வந்தது. உதுமானிய நிர்வாகத்தில் விலாயத் என்றால் ஒரு முழு மாகாணம். ஹோம்ஸ், ஹமா என்று மாகாணங்களே கிடையாது, அவை வெறும் ஊர்கள். டமாஸ்கஸ் சிரியா மாகாணத்தின் தலைநகரம். அந்த மாகாணம் தெற்கே அகபா வரை நீள்வதால், அதற்கு மேற்கே பாலஸ்தீனமும் வருகிறது என்பது பின்னாளில் பிரிட்டன் சொன்ன வாதம். 1922-இல் சர்ச்சிலின் வெள்ளை அறிக்கை (அரசின் கொள்கை அறிக்கை) இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஊர் என்று படித்தால் மேற்கே இருப்பது லெபனான் கடற்கரை. ஜெருசலேம் வெகு தெற்கே இருக்கிறது, அதனால் பாலஸ்தீனம் விலக்கில் வராது.

சரி, எழுதியவர் எதை நினைத்தார்? கடிதம் எழுதி இரண்டே நாளில், அக்டோபர் 26-இல், வெளியுறவு அமைச்சர் கிரேக்கு அவர் அனுப்பிய விளக்கம் இருக்கிறது. அதில் அந்த நான்கையும் ‘ஊர்கள்’ என்றே குறிப்பிடுகிறார். விலக்கியது சிரியாவின் வடக்குக் கடற்கரை என்கிறார். பிரான்சுக்கு எதுவரை உரிமை ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று தனக்குத் தெரியாது, அதனால்தான் பிரான்சின் நலனுக்குக் கேடில்லாத இடங்களில் மட்டும் என்று பொதுவாக ஒரு வாசகம் சேர்த்தேன் என்கிறார். பாலஸ்தீனத்தின் பெயரே இல்லை.

1937-இல் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதியபோது, பாலஸ்தீனத்தைக் கொடுக்க நான் நினைக்கவே இல்லை என்றார். இருபத்திரண்டு வருடம் கழித்துச் சொன்னதைவிட இரண்டு நாள் கழித்து எழுதியதைத்தான் நான் நம்புவேன். மெர்சினாவைப் பெயர் சொல்லி விலக்கத் தெரிந்தவருக்கு ஜெருசலேம் என்று ஒரு சொல் எழுதுவதா கஷ்டம்? அதே சமயம், அந்த பிரான்ஸ் வாசகம் இருப்பதால் இதைச் சுத்தமான வாக்குறுதி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் ஏமாற்ற வேண்டும் என்றே எழுதினாரா சார்?

1915 டிசம்பர் 4-இல் இந்திய வைஸ்ராய் ஹார்டிங்குக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவே இல்லை. வலுவான, ஒன்றுபட்ட அரபு நாடு என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இப்போதைக்கு அரபிகளை நம் பக்கம் இழுக்க வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார். அதே மாதம் மக்காவுக்கு நீள நீளமான பட்டங்களோடு மரியாதைக் கடிதம் போகிறது. துருக்கியின் கல்லிப்பொலியில் பிரிட்டன் தோற்றுக்கொண்டிருந்த நேரம், அவசரம் இருந்தது உண்மை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வலிக்கிறது.

ஹார்டிங் என்ன சொன்னார்?

கோபப்பட்டார். 1914 நவம்பரில் பஸ்ராவை (இன்றைய ஈராக்கில்) பிடித்தது பிரிட்டிஷ் இந்தியப் படை. பஸ்ரா, பாக்தாத் பற்றிக் கெய்ரோவிலிருந்து வாக்குக் கொடுப்பதற்கு முன் இந்திய அரசைக் கேட்கவில்லை என்பது அவர் குறை.

ஹுசைன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாரா?

இல்லவே இல்லை. எல்லை பற்றி இப்போது பேச வேண்டாம் என்று மக்மஹோன் முதலில் மழுப்பியபோது, உங்கள் கடிதத்தில் தயக்கமும் குளிர்ச்சியும் தெரிகிறது என்று முகத்துக்கு நேரே எழுதினார். நவம்பரில் மெர்சினாவையும் அதன் அருகிலுள்ள அதனாவையும் விட்டுக்கொடுத்தார், பெய்ரூட்டையும் அலெப்போவையும் விடவில்லை. பெய்ரூட்டையும் அதன் கடற்கரையையும் போர் முடிந்ததும் முதல் வாய்ப்பிலேயே கேட்பேன் என்று 1916 ஜனவரி 1-இல் எழுதி வைத்தார். பிப்ரவரியில் கணக்கு வருகிறது: படைச் சம்பளத்துக்கு 50,000 பவுன் தங்கம், 20,000 மூட்டை அரிசி, 5,000 துப்பாக்கி. மார்ச்சில் மக்மஹோன் சம்மதித்தார், ஜூனில் அரபுக் கிளர்ச்சி தொடங்கியது. இதற்கு நடுவே, மே மாதம், பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்–பிகோ ஒப்பந்தத்தில் அதே நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஹுசைனிடம் அப்போது சொல்லவில்லை.

இந்தக் கடிதங்கள் எப்போது வெளியே வந்தன?

பிரிட்டிஷ் அரசு முழுமையாக வெளியிட்டது 1939-இல்தான். ஹுசைன் 1931-லேயே இறந்துவிட்டார்.