நேரடியாக மக்களுக்கு விற்றால் காய்கறி வீணாவது குறையுமா?

குறையும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது.

சோழவரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கீரை, வெண்டை, கத்தரி போடுகிறோம். சனி, ஞாயிறு கொளத்தூர், பெரம்பூர் அபார்ட்மென்ட்களுக்கு நாங்களே கொண்டுபோய் விற்கிறோம். கோயம்பேட்டுக்குப் போட்ட காலத்தில் மூட்டையில் நசுங்கியே நிறையப் போகும். அது இப்போது இல்லை.

வெயில்தான் பெரிய எதிரி. பறித்த காயும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். சூடு 10 டிகிரி ஏறினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும், அதற்கேற்பச் சீக்கிரம் கெடும். முதல் வருடம் சித்திரையில் எட்டு மணிக்கு மேல் கீரை அறுத்து, தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றினோம். செங்குன்றம் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றது வண்டி. பெரம்பூரில் தார்ப்பாயைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. அறுபது கட்டு அரைக்கீரையில் பாதிக்கு மேல் தலை தொங்கிப் போயிருந்தது. அன்று முழுக்க அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது விடிவதற்குள் அறுத்து, வேப்பமரத்தடியில் வைத்து, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியால் மூடுகிறோம். சொட்டச் சொட்ட நனைத்தால் அழுகிவிடும். தக்காளி வாங்கி விற்கிற நாளில் அதைக் கீரைப் பக்கத்தில் வைப்பதில்லை. பழுக்கும் தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். செங்கல் இரட்டைச் சுவருக்கு நடுவே மணலை நனைத்து வைக்கும் குளிர் அறையைக் கட்டச் சொன்னார்கள். வறண்ட ஊருக்கு அது அருமை. நம் கடற்கரை ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாகத்தான், அதனால் குளிர்ச்சியும் குறைவு. கட்டவில்லை.

அப்புறம் வெண்டைக்காய். வாங்குகிறவர்கள் நுனியை உடைத்துப் பார்ப்பார்கள். உடைத்ததை அடுத்தவர் எடுக்க மாட்டார். இதற்காக அரைக் கிலோ பொட்டலமாகவே கட்டிவிடுகிறோம், முற்றல் இருந்தால் மாற்றித் தருகிறோம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, அந்த அளவுக்கே கீரை அறுப்பதால் மிச்சம் விழுவது வெகுவாகக் குறைந்தது. கீரை இரண்டு நாள் செடியிலேயே காத்திருக்கும். வெண்டை காத்திருக்காது. ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும், நம் வாடிக்கையாளரோ வாரக் கடைசியில்தான் வருவார். செவ்வாய், வியாழன் பறிப்பை உள்ளூர் கடைக்குக் கேட்ட விலைக்குக் கொடுக்கிறோம்.

நீங்களும் நேரடி விற்பனையில் இறங்குவதாக இருந்தால், விதை வாங்குவதற்கு முன்பே அந்தச் செவ்வாய்க்கிழமை வெண்டையை யார் எடுப்பார் என்று பேசி வைத்துவிடுங்கள்.