பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, முதுகுக்கு எம்.ஆர்.ஐ எழுதியிருக்கிறார்கள், ஸ்கேன் சென்டரில் முடியாது என்றுவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எடுக்கலாம். அதற்கு ஏற்பாடு உள்ள இடத்தில்தான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் நடந்தது. கழுத்து வலி, கை மரத்துப்போகும். போன இடத்தில் "பேஸ்மேக்கரா? எடுக்க மாட்டோம்" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வலி மாத்திரையிலேயே ஓடியது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் பேஸ்மேக்கர் வைத்த இதய டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த அட்டையை.

அந்த அட்டையில் மெஷினின் மாடல் எண்ணோடு லீடின் எண்ணும் இருக்கும். லீட் என்பது மெஷினிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர். ஸ்கேனரின் ரேடியோ அலையை இந்த ஒயர் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொண்டால் இதயத்தைத் தொடும் அதன் நுனி சூடாகலாம். அதனால் மெஷின் மட்டும் 'எம்.ஆர்.ஐ கண்டிஷனல்' (குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ எடுக்கலாம் என்று சான்று பெற்றது) என்றால் போதாது, லீடும் அதற்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வகைக்கு முதல் அனுமதி 2011-இல் கிடைத்தது.

பழைய மாடல் என்றாலும் உடனே கைவிட வேண்டாம். 2017-இல் வெளியான மேக்னாசேஃப் ஆய்வில், அந்தச் சான்று இல்லாத பேஸ்மேக்கரும் டிஃபிப்ரிலேட்டரும் (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் மெஷின்) வைத்தவர்களுக்கு, மார்புப் பகுதி தவிர மற்ற இடங்களில், 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமை) ஸ்கேனரில் 1,500 ஸ்கேன் எடுத்தார்கள். முறையாகப் பரிசோதித்து செட்டிங் மாற்றியவர்களில் ஒரு உயிரிழப்பும் இல்லை, ஒரு லீடும் பழுதாகவில்லை. ஒரு டிஃபிப்ரிலேட்டரை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. அதற்கு ஸ்கேனுக்கு முன் செட்டிங்கைச் சரியாக மாற்றியிருக்கவில்லை.

அந்த செட்டிங் வேலைதான் முக்கியம். அப்பாவுக்குச் சொந்தத் துடிப்பு மிகக் குறைவு. ஸ்கேனர் உண்டாக்கும் மின் குறுக்கீட்டை இதயத் துடிப்பு என்று நினைத்து மெஷின் சும்மா இருந்துவிட்டால் ஆபத்து. அதனால் எதையும் கவனிக்காமல் ஒரே சீராகத் துடிக்கவைக்கும்படி மாற்றினார்கள். சொந்தத் துடிப்பு நன்றாக இருப்பவர்களுக்கு வேறு மாதிரி வைப்பார்கள். உள்ளே இருந்த நேரம் முழுக்க விரலில் ஆக்சிஜன் கிளிப், ஈ.சி.ஜி, பக்கத்தில் ஒரு டாக்டர்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: பேஸ்மேக்கர் வைத்து ஆறு வாரம் ஆகவில்லை என்றால் அது, முன்பு வைத்து இப்போது பயன்படாத பழைய லீட் உள்ளேயே இருந்தால் அது, இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்த லீட் என்றால் அதுவும். அட்டை தொலைந்துவிட்டால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் எண் இருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் பழைய லீட் தெரிந்துவிடும்.

ஸ்கேன் முடிந்ததும் மெஷினை மறுபடி சோதித்துப் பழைய செட்டிங்குக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியும்வரை அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.